பார்க்ரன்: மெதுவாக ஓடுகிறவள் எழுதும் விமர்சனம்

லண்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கும் ஒரு உசார் வந்துவிடும். வாட்ஸப் குழுவில் ஒருவர் நடக்கப்போன படம் போடுவார், இன்னொருவர் குரக்கன் புட்டுப் படம் போடுவார், எங்கள் வீட்டில் இவர் போன வருடச் சைக்கிளை வெளியே எடுத்து, காற்றடித்து, துடைத்து, சுவரில் சாத்தி வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்க உள்ளே வந்துவிடுவார். மே மாதம் முடியமுன் எல்லாம் பழையபடி. நானும் அப்படி நாலைந்து வசந்தங்களைக் கழித்தவள்தான். ஒரு வருடம் ஜிம் ஒன்றில் 12 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் 7 தரம் போனேன். காசு மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது, நிறுத்தக் கேட்டால் ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டும் என்றார்கள், அந்த மாதக் காசும் போனது. சரி, அது என் புத்திக் கொள்முதல்.

இந்த விமர்சனம் பார்க்ரனைப் பற்றியது. சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பூங்காவில் 5 கிலோமீற்றர். ஓடலாம், நடக்கலாம், இரண்டையும் கலக்கலாம், ஒரு சதம் கட்டத் தேவையில்லை. மூன்று வசந்தமும் இடையில் வந்த குளிர்காலங்களும் பார்த்தாகிவிட்டது. 61 தடவை 5 கிலோமீற்றரை முடித்திருக்கிறேன், 19 தடவை பளிச்சென்ற மேலங்கி போட்டுத் தொண்டராக நின்றிருக்கிறேன். இதுவரை என் மிகச்சிறந்த நேரம் 38 நிமிடம் சொச்சம். ஆகவே வேகமாக ஓடுவது எப்படி என்று அறிய வந்தவர்கள் இந்த இடத்திலேயே திரும்பிப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

தொடங்கியது ஒரு கடிதத்தில். இங்கிலாந்தில் 40க்கும் 74க்கும் இடைப்பட்ட வயதுக்காரரை, ஏற்கெனவே இருதய வருத்தம், சீனி வருத்தம் என்று ஒன்றும் இல்லாவிட்டால், 5 வருடத்துக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனைக்கு என்எச்எஸ் என்கிற அரசாங்கச் சுகாதார சேவை கூப்பிடும். அப்படி வருகிற கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டு வைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம், அந்தத் தரம் ஏதோ நல்ல காலத்துக்கு நான் போனேன். எச்பிஏ1சி 44 என்று வந்தது. அது கடந்த இரண்டு மூன்று மாதமாக இரத்தத்தில் சீனி எப்படி இருந்தது என்று காட்டும் கணக்கு. 42இலிருந்து 47 வரை என்றால் சீனி வருத்தத்தின் வாசற்படியில் நிற்கிறோம், 48 என்றால் உள்ளே போய்விட்டோம். நான் அப்படியொன்றும் மொத்தமான ஆள் இல்லையே என்று தாதியிடம் கேட்டேன். உயரத்துக்கும் நிறைக்குமான கணக்கில் வெள்ளைக்காரருக்கு 25இல் தொடங்கும் எச்சரிக்கை தெற்காசியருக்கு 23இலேயே தொடங்குகிறது, எங்களுக்குக் குறைந்த நிறையிலேயே சீனி வருத்தம் பிடித்துவிடும் என்று அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். என் அப்பாவின் தமையன், தம்பி, மச்சாள்மார் என்று மனதுக்குள் ஒருதரம் எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் விட்டிருக்கலாம்.

அந்தத் தாதிதான் பார்க்ரன் என்ற சொல்லை முதலில் சொன்னவர். 2018இலிருந்து இங்கே குடும்ப வைத்தியர்களின் ரோயல் கல்லூரியும் பார்க்ரனும் சேர்ந்து ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஒரு டொக்டர் நிலையம் பக்கத்தில் நடக்கும் பார்க்ரனோடு தன்னை இணைத்துக்கொண்டு, வருகிற ஆட்களுக்கு அங்கே ஒருக்கால் போய்ப் பாருங்கள் என்று சொல்லலாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கடைசியாக ஓடியது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில், அஞ்சலோட்டத்தில், அதிலும் தடியைக் கீழே போட்டு எங்கள் இல்லத்தையே தோற்கப் பண்ணினவள். 27 வருடத்துக்குப் பிறகு என்னை ஓடச் சொன்னால்?

ஓடத் தேவையில்லை, நடக்கலாம் என்றார். நம்பவில்லை. ஆங்கிலேயர் மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனபடியால் நேரே அங்கே போகாமல், பெப்ரவரியில், ஓடிப் பழகாதவரைப் படிப்படியாக 5 கிலோமீற்றர் ஓடப் பழக்கும் கௌச் டு 5கே என்ற என்எச்எஸ் செயலியைப் போனில் இறக்கினேன். அதுவும் இலவசம். அந்தத் திட்டத்தை 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் தன் தாயையும் ஓட வைக்கலாம் என்று நினைத்து எழுதினாராம். 9 கிழமை, கிழமைக்கு 3 நாள். முதல் கிழமை 5 நிமிடம் விறுவிறு நடை, அதன்பிறகு 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று 20 நிமிடம் மாறி மாறி. 60 வினாடி என்றால் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். நான் 40ஆவது வினாடியில் கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாம் தெருவில் ஒரு பஸ் தரிப்பிடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பஸ்ஸுக்கு நிற்கிறேனாக்கும் என்று சாரதி பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

காதுக்குள் கதைக்கும் குரலை நாங்களே தெரிவு செய்யலாம். நான் எடுத்தது நகைச்சுவைக்காரி சாரா மிலிகனின் குரல். அவரின் வடக்கத்தி ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கியது, ஆனால் திட்டாத குரல் என்பது விளங்கியது, அது போதும். 5ஆவது கிழமைதான் பயமுறுத்தும். முதல் நாள் 5 நிமிட ஓட்டங்கள், இரண்டாம் நாள் 8 நிமிடம் இரண்டு தரம், மூன்றாம் நாள் திடீரென்று நடையே இல்லாமல் 20 நிமிடம் ஒரேயடியாக ஓடு என்கிறது. நான் அந்த மூன்றாம் நாளை நாலு தரம் செய்தேன். நாலாவது தரம்தான் முடிந்தது. 9 கிழமைத் திட்டம் எனக்கு 13 கிழமை எடுத்தது, ஒருவரும் வந்து கேட்கவில்லை. செயலிக்கு என் புள்ளி 10க்கு 9. ஒரு புள்ளி குறைத்தது அந்த 5ஆவது கிழமைக்காக.

ஆனால் உண்மையைச் சொன்னால், 13 கிழமை முடியமுன்னமே பார்க்ரனுக்குப் போய்விட்டேன். 6ஆவது கிழமையில் மனம் சலித்துவிட்டது. தனியாக ஓடுவது தனியாகச் சாப்பிடுவது மாதிரி, வயிறு நிறையும், ருசி இருக்காது. இணையத்தில் ஒருமுறை பதிந்தால் ஒரு பார்கோட் தருவார்கள், அது வாழ்நாள் முழுக்க, உலகத்தில் எங்கே நடக்கும் பார்க்ரனுக்கும் போதும். அதை எடுத்துக்கொண்டு வொன்ஸ்டெட் பிளாட்ஸுக்குப் போனேன். மனோர்பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்தில்தான் அந்தப் பெரிய வெளி.

முதல்தரம் வருகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தொண்டர் பாதையை விளங்கப்படுத்துவார். அங்கேதான் நான் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டேன், கடைசியாக வந்தால் என்ன நடக்கும்? அவர் பக்கத்தில் நின்ற ஒரு வயதான மனிசனைக் காட்டி, நீங்கள் கடைசியாக வர முடியாது, அது அவருடைய வேலை என்றார். ஒவ்வொரு பார்க்ரனிலும் கடைசியாக நடப்பதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவர் எங்களுக்குப் பின்னால்தான் வருவார், அவர் முடிக்குமட்டும் மணிக்கூட்டை நிறுத்த மாட்டார்கள். இதைக் கண்டுபிடித்த மூளைக்கு ஒரு கும்பிடு. எங்கள் ஊரில் கடைசியாக வந்தவரைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்துத்தான் எனக்குப் பழக்கம், அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பிறகு ஒருநாளும் ஓடாதவர்கள் எத்தனை பேர். அன்று நான் 49 நிமிடத்தில் வந்தேன். எனக்குப் பின்னால் அந்த ஐயாவும், அவரோடு கதைத்துக்கொண்டு ஒரு கைத்தடிக்காரப் பெண்ணும் வந்தார்கள். கைதட்டினார்கள்தான், ஆனால் அது வேறு கைதட்டு.

இதெல்லாம் தொடங்கியது 2004 ஒக்டோபர் 2, தென்மேற்கு லண்டனில் உள்ள புஷி பார்க்கில். போல் சின்டன்-ஹியூவிட் என்ற ஓட்டக்காரர் காயப்பட்டு ஓட முடியாமல் இருந்த காலம், ஓடுகிற சிநேகிதரோடு தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று சனிக்கிழமைகளில் அவர்களுக்கு நேரம் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினார். முதல் நாள் 13 பேர். முடித்தவர் கையில் எத்தனையாவது என்று கொடுப்பதற்கு இரும்புக்கடை வாஷரில் இலக்கம் அடித்து வைத்திருந்தாராம். இப்போது வாஷருக்குப் பதிலாகச் சின்னப் பிளாஸ்டிக் அட்டை. அதையும் உங்கள் பார்கோடையும் ஒரு தொண்டர் போனால் ஸ்கான் பண்ணுவார், மத்தியானத்துக்குள் உங்கள் நேரம் மின்னஞ்சலில் வந்துவிடும். அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது முக்கியம். நான் மூன்றாம் கிழமை அதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஈஸ்ட்ஹாமுக்கு வந்து, மரக்கறி வாங்குகிற இடத்தில் காசு எடுக்கும்போது காசோடு சேர்த்து நீட்டிவிட்டேன். கடைக்காரத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்த சனி வெட்கத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன், அங்கே அதற்கென்றே ஒரு தொண்டர் காணாமல் போன இலக்கங்களை எழுதி வைத்திருந்தார், எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் அதே வேலை பார்த்திருந்தார்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதனால்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். வொன்ஸ்டெட் பிளாட்ஸ் பூஞ்செடி வைத்த பூங்கா இல்லை. புல்வெளி, பற்றை, உதைபந்தாட்டத் திடல்கள், அதற்கு மேலே பெரிய வானம். எப்பிங் காட்டின் தென்கோடி அது. 1878ஆம் வருடச் சட்டத்தால் வீடு கட்டுகிறவர்களிடமிருந்து தப்பி, இன்றைக்கும் லண்டன் சிட்டி கோர்ப்பரேஷனின் பொறுப்பில் இருக்கிறது. மார்ச் மாதம் வந்தால் புல்வெளியின் ஒரு பகுதியைக் கயிறு கட்டி மறித்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டேன். வானம்பாடி நிலத்தில் கூடு கட்டுகிறதாம். வானம்பாடி! எத்தனை தமிழ்க் கட்டுரையில் அந்தப் பெயரை எழுதிப் புள்ளி வாங்கியிருப்பேன், பறவை எப்படி இருக்கும் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. ஏப்ரல் காலையில், ஓட்டம் தொடங்குமுன் கொஞ்சம் முன்னதாகப் போய் நின்றால், ஒரு சின்ன மண்ணிறக் குருவி செங்குத்தாக மேலே ஏறிக்கொண்டே மூச்சு விடாமல் பாடுவது கேட்கும். நான் 2 நிமிடம் தொடர்ந்து ஓடினால் மூச்சு வாங்குகிறேன், அது ஏறிக்கொண்டு பாடுகிறது. ஏப்ரல் கடைசியில் ஓட்டம் முடிந்து பக்கத்து வொன்ஸ்டெட் பார்க்குக்குள் நடந்தால் ஷலே வுட் என்ற துண்டுக்காட்டில் நிலம் முழுக்க நீலப்பூ. ஊரில் சித்திரை என்றால் கால் வைக்க முடியாத வெயில், இளவேனில் சித்திரையும் வைகாசியும் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியபோது யாரோ பிழையாக எழுதிவைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கணக்கு இங்கேதான் சரிவருகிறது.

சரி, பழக்கம் எப்படிப் பிடித்தது? எனக்கு விளங்கிய அளவில் காரணம் அந்த 9 மணிதான். ஜிம் 24 மணித்தியாலமும் திறந்திருந்தது, ஆகவே எப்போதும் பிறகு போகலாம். இது கிழமைக்கு ஒருதரம், 9 மணி, விட்டால் அடுத்த கிழமை. பிந்திப் போனாலும் பின்னால் ஓடிப் பிடிக்கலாம், ஆனால் 10 மணிக்குப் போனால் வெறும் புல்வெளிதான். முன்பதிவும் இல்லை, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பாரும் இல்லை, அப்படிக் கேட்காததாலேயே போகத் தோன்றுகிறது. அப்புறம் அந்த எண்ணிக்கை. 25, 50, 100, 250 என்று மைல்கற்கள் வைத்திருக்கிறார்கள், வேகத்துக்கு இல்லை, வந்த தடவைகளுக்கு. விரும்பினால் காசு கொடுத்து அந்த இலக்கம் போட்ட சட்டை வாங்கலாம். 25ஆவது நாள் நான் வீட்டில் கேசரி கிண்டிக் கொண்டுபோனேன். வேகமானவர்களின் பட்டியல்கள், பாதைச் சாதனைகள் எல்லாவற்றையும் 2024 பெப்ரவரியில் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், புதிதாக வருகிறவர் பயந்துவிடக் கூடாது என்பதற்காக. அதற்குப் பலருக்குக் கோபம். என்னைக் கேட்டால் நல்ல வேலை. ஓடத் தெரிந்தவனுக்கு ஓட ஆயிரம் இடம் இருக்கிறது.

தொண்டராக நிற்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. முழங்கால் நொந்த ஒரு மாதம் நான் ஓடவில்லை, ஆனால் வளைவில் நின்று கையைக் காட்டினேன், ஸ்கான் பண்ணினேன். அந்த ஒரு மாதம் வீட்டில் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும், எனக்கு என்னைத் தெரியும்.

இனி எங்கள் சனத்துக்கே உரிய பிரச்சினை. லண்டனில் சனிக்கிழமை காலை என்றால் தமிழ்ப் பள்ளிக்கூடம். பிள்ளையை 9 மணிக்கு இறக்கிவிட்டு, பெற்றோர் மண்டபத்தின் பின் வரிசையில் இருந்து தேத்தண்ணீரும் பற்றிஸுமாக மத்தியானம் வரை ஊர்க்கதை. நான் 6 வருடம் அந்தக் கதிரையில் இருந்தவள், என் எச்பிஏ1சியில் அந்தப் பற்றிஸுக்கும் ஒரு பங்கு உண்டு. பார்க்ரனும் 9 மணி. முதலில் இவரோடு முறை வைத்தேன், ஒரு சனி இவர் பள்ளிக்கூடம், மறு சனி நான். பிறகு பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்தார், அவர் பிள்ளைகளையும் எங்கள் பிள்ளையையும் ஒரே காரில் ஏற்றி ஒருவர் இறக்குவது, மற்றவர் ஓடுவது. பிள்ளைகளுக்கு வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையில் ஜூனியர் பார்க்ரன் இருக்கிறது, 4 வயதிலிருந்து 14 வரை, 2 கிலோமீற்றர். சனிக்கிழமை 5 கிலோமீற்றருக்கும் பிள்ளைகள் வரலாம், 11 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே வர வேண்டும். என் மகன் இரண்டு தரம் வந்தான். இரண்டு தரமும் எனக்குக் கை எட்டவில்லை, ஆனபடியால் ஞாயிறே போதும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவின் கதை வேறு. 71 வயது, காலில் வீக்கம், குளிர் தொடங்கினால் வீட்டுக் கதவு தாண்டாத ஆள். பார்க்ரன்காரர் 2022இலிருந்து நடக்கிறவர்களுக்கென்றே பார்க்வோக்கர் என்று ஒரு தொண்டர் வேலையையும் வைத்திருக்கிறார்கள், நீல மேலங்கி போட்டுக்கொண்டு நடக்கிறவர்களோடு சேர்ந்து நடப்பார். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மே மாதம் அம்மாவைக் கூட்டிப் போனேன். பருத்திச் சேலை, அதன் மேலே என் பழைய குளிர்ச்சட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்து. பாதி வழியில் களைத்தால் நிற்கலாம் என்றேன். நிற்கவில்லை. நீலமேலங்கிக்காரரோடு தன் இரண்டு வசன ஆங்கிலத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்துக்கொண்டு நடந்து வந்து, கடைசியில் அவரிடம், “யூ கம் ஹோம், ஈட் தோசை” என்றார். இப்போது மாதத்தில் இரண்டு சனி வருகிறார். கோயிலில் ஒரு மாமி, “என்ன பிள்ளை, கொம்மாவையும் ஓட வைச்சிட்டியாம்” என்று கேட்டார். அம்மாவே திரும்பி, “ஓடேல்லை, நடக்கிறன், நீரும் வாரும்” என்று சொல்லிவிட்டார்.

குறை இல்லையா? இருக்கிறது. எந்தப் பார்க்ரனானாலும் பார்கோட் கொண்டுவராவிட்டால் நேரம் கிடையாது, அழுதாலும் கிடையாது. நான் ஒருதரம் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போய், அந்த வருடத்தின் மிக நல்ல ஓட்டம் கணக்கிலேயே இல்லாமல் போனது. பிழை என்னுடையது, ஆனாலும் இன்னும் மனதில் நிற்கிறது. அந்த இலக்கத்தை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துச் சப்பாத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், போனை நம்பாதீர்கள். பூங்காக்களில் கழிப்பறை இன்னொரு தலையிடி. சில இடங்களில் இல்லை, சில இடங்களில் அந்த நேரம் பூட்டியிருக்கும், பெண்களும் வயதானவர்களும் அதை முதலே விசாரித்துக்கொண்டு போக வேண்டும். புல்வெளிப் பாதையில் நவம்பரிலிருந்து மார்ச் வரை சேறு, ஒருதரம் முழங்காலளவு அழுக்கோடு வீட்டுக்கு வந்து இவரிடம் ஏச்சு வாங்கினேன். வசந்தத்தில் சேறு காய்ந்தால் பூந்தாது வந்துவிடும். பேர்ச் மரத்துத் தூள் ஏப்ரலில், புல்லின் தூள் மே நடுவிலிருந்து. ஊரில் தும்மாத எனக்கு இங்கே 10 வருடத்துக்குப் பிறகு ஹேபீவர் பிடித்தது. அதற்குப் பார்க்ரன் என்ன செய்யும், பார்மசியில் மாத்திரை வாங்கி வெள்ளிக்கிழமை இரவே போட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, இது மட்டும் போதாது. பெரியவர்களுக்குக் கிழமையில் 150 நிமிடம் மிதமான அசைவு, அல்லது 75 நிமிடம் மூச்சு வாங்க வைக்கும் வேலை, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை என்று என்எச்எஸ் சொல்கிறது. என் சனிக்கிழமை 40 நிமிடத்தோடு நின்றுவிடும். ஆகவே செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து ஒரு தரிப்பிடம் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன், அரிசி மூட்டை தூக்குவதைத் தசை வேலை என்று கணக்கில் சேர்க்கலாமா என்று தாதியிடம் கேட்டேன், சிரித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

செலவு? பார்க்ரனுக்குச் சல்லிக்காசில்லை. எனக்கு ஆனது 65 பவுண்ட்ஸ் சப்பாத்துக்கும் 28 பவுண்ட்ஸ் ஸ்போர்ட்ஸ் பிராவுக்கும். பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன், எங்களில் ஒருவரும் வாய் திறந்து சொல்லாததால் சொல்கிறேன், சப்பாத்தைவிட மற்றதற்குத்தான் முதலில் காசு செலவழிக்க வேண்டும். ஆரம்பத்தில் சல்வார் மேற்சட்டையோடுதான் ஓடினேன், ஒருவரும் பார்க்கவில்லை. இறுக்கக் காற்சட்டை போடத் துணிந்தபோதும் ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தது ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் மட்டும்தான்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 5 கிலோமீற்றர் ஓடினால் என் நிறைக்கு ஏறக்குறைய 350 கலோரி போகும். ஓடின உசாரில் நேரே ஈஸ்ட்ஹாமுக்கு வந்து ஒரு கொத்து ரொட்டி சாப்பிட்டால் அத்தனையும் வட்டியோடு திரும்பி வந்துவிடும். முதல் வருடம் நான் அதைத்தான் செய்தேன், நிறை ஒரு கிலோ கூடியது. அதிலும் ஏப்ரல் 14 புதுவருடம், அந்தக் கிழமை எந்த வீட்டுக்குப் போனாலும் பயற்றம் பணியாரமும் முறுக்கும் பால்ரொட்டியும், வேண்டாம் என்றால் சீனி வருத்தமோ என்று கேட்பார்கள், ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இப்போது சனிக்கிழமை காலை முட்டையும் கீரைப்பிட்டும், இரவுச் சோறு பழைய அளவில் பாதி, சிவப்பரிசி. பிறந்தநாள் வீடுகளில் கை தானாகப் போகிறது, அதை எழுதி மறைக்க முடியாது.

ஒருதரம், போன மே மாதம், இதன் தலைமூலத்தைப் பார்ப்போம் என்று புஷி பார்க்குக்கே போனோம். வாட்டர்லூவில் ரயில் மாறி, காலை 6 மணிக்கே புறப்பட்டு. 13 பேரில் தொடங்கிய இடத்தில் இப்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட சனம், கோயில் தேர் மாதிரி. ஒரே ஒரு சுற்று, தட்டையான பாதை. ஓரத்தில் மான்கள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேயத் தொடங்கும். கெஸ்ட்நட் அவெனியூவில் மரங்கள் எல்லாம் குத்துவிளக்கு வைத்த மாதிரிப் பூத்திருந்தன. ஒருதரம் பார்க்க வேண்டிய இடம். ஆனால் முடிவில் ஸ்கான் வரிசை நீளம், பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. எனக்கு எங்கள் சேறும் வானம்பாடியும் போதும்.

கிழக்கு லண்டனில் இருப்பவர்களுக்கு இல்ஃபோர்ட் வலன்டைன்ஸ் பார்க், பார்கிங், பெக்டன் என்று வேறு இடங்களும் உண்டு, ஹரோ பக்கத்து ஆட்களுக்கு ஹரோவிலேயே இருக்கிறது. கனடா, அவுஸ்திரேலியா, ஜேர்மனி, டென்மார்க், நோர்வே, சிங்கப்பூர், மலேசியா எல்லா இடமும் நடக்கிறது, சில நாடுகளில் வெயிலுக்கு முன் இன்னும் விடியவே தொடங்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை இரவு அந்த இடத்துப் பக்கத்தை ஒருதரம் பாருங்கள், பனி உறைந்தாலோ பூங்காவில் வேறு நிகழ்ச்சி என்றாலோ நிறுத்திவிடுவார்கள்.

புள்ளி: 5க்கு நாலரை. அரை குறைத்தது பூட்டிய கழிப்பறைகளுக்கு. போன மாதம் எச்பிஏ1சி 41, எவ்வளவு ஓட்டத்தால், எவ்வளவு சோற்றால் என்று என்னைக் கேட்காதீர்கள், தாதியும் சொல்லவில்லை. வருகிற சனி கடைசியாக நடக்கும் வேலை எனக்கு விழுந்திருக்கிறது, மழை என்று சொல்கிறார்கள். அம்மா இப்போதே குடையைத் தேடி எடுத்துக் கதவடியில் வைத்திருக்கிறார், எனக்கு முன்னால்தான் நடப்பாராம்.